உலோகத் தொழிலாளி அதிபரானபோது: லூலாவை எப்படி மதிப்பிடுவது?

பிரேசில் தொழிற்சங்க இயக்கம் பற்றிய எழுத்துகளைத் தமிழாக்க முனையும் எவரையும் ஒரு சொல் வழிமறிக்கும். ‘பெலேகோ’ என்பது அச்சொல். குதிரையின் முதுகுக்கும் சேணத்துக்கும் இடையே விரிக்கப்படும் ஆட்டுத்தோல் என்பது அதன் நேர்ப்பொருள். அரசுக்கு வேண்டியவராக இருந்துகொண்டு தொழிலாளர் சங்கத்தின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருப்பவரை அந்நாட்டுத் தொழிலாளர்கள் இப்பெயரால் அழைத்தனர். நம்மிடம் ‘கருங்காலி’ உண்டு, ‘கோடரிக்காம்பு’ உண்டு. இரண்டுமே இங்குப் பொருந்தா. கருங்காலி வேலைநிறுத்தத்தை உடைப்பவன். கோடரிக்காம்பு தன் இனத்தையே வெட்டத் துணைபோவது. ஆட்டுத்தோலோ எதையும் உடைப்பதில்லை, வெட்டுவதுமில்லை. ஏறி அமர்ந்திருப்பவனுக்கு உட்காரச் சுகமாகவும், சுமக்கின்ற குதிரைக்கு முதுகு புண்ணாகாமலும் பார்த்துக்கொள்கிறது; சவாரி தடையின்றி நடக்கிறது. சங்கத் தலைவர் நல்லவராகவே இருக்கலாம், உறுப்பினர்களுக்கு மருத்துவமும் கூட வாங்கித் தரலாம். அவர் இருக்கும் இடம்தான் அவரை ஆட்டுத்தோல் ஆக்குகிறது.

பிரேசிலின் அதிபர் லூயிஸ் இனாசியோ லூலா ட சில்வாவைப் பற்றி நம் கிளைக் கூட்டங்களில் பேச்செழும்போதெல்லாம் இருவகைக் குரல்களைக் கேட்கிறோம். ‘அவர் நம்மவர், ஆலைத் தொழிலாளி, ஏகாதிபத்தியத்தின் முகத்துக்கு நேரே நிற்பவர்’ என்பது ஒன்று. ‘அதிகாரம் கிட்டியதும் நிதி மூலதனத்தோடு கைகுலுக்கிய மற்றொரு சமூக ஜனநாயகவாதி’ என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே தவற்றைச் செய்கின்றன என்பது என் கருத்து. இரண்டுமே தனி மனிதரின் நேர்மையை எடைபோடுகின்றன. தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் வாக்குரிமையின் வழியே ஒரு நாட்டின் தலைமைக்கு வரும்போது அவர் என்ன ஆனார் என்று கேட்கிறோம். அவர் விட்டுச்சென்ற சங்கம் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. இரண்டாவது கேள்வியே நமக்குப் பயன்படுவது.

லூலா உருவான மண்ணை முதலில் பார்த்துவிட வேண்டும். வறட்சி மிகுந்த வடகிழக்கு மாநிலமான பெர்னாம்புகோவில் 1945இல் பிறந்தவர். 1952 டிசம்பரில், ஏழு வயதில், தாயுடனும் உடன்பிறந்தாருடனும் திறந்த லாரியின் பின்புறத்தில் பதின்மூன்று நாள் பயணம் செய்து சாவோ பாவ்லோ மாநிலத்துக்குப் பிழைக்க வந்தார். காலணிக்கு மெருகிட்டார், தெருவில் விற்றார், தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றில் கடைசல் வேலை கற்றார். நம் ஆலைகளில் ‘டர்னர்’ என்று சொல்கிறோமே, அந்த வேலை. பத்தொன்பது வயதுக்குள் இடக்கையின் சுண்டுவிரலை இயந்திரத்தில் இழந்தார். முதல் மனைவி 1971இல் நிறைமாத நிலையில் நோயுற்று, வயிற்றுக் குழந்தையோடு இறந்துபோனார். இவையெல்லாம் தனியொருவரின் துயரங்கள் அல்ல. ராணுவ ஆட்சியின் ‘பொருளாதார அற்புதம்’ என்று அன்றைய உலக முதலாளித்துவப் பத்திரிகைகள் புகழ்ந்த வளர்ச்சி இப்படிப்பட்ட உடல்களின் மீதே எழுப்பப்பட்டது.

அவரைச் சங்கத்துக்கு அழைத்துவந்தவர் அண்ணன், ‘ஃப்ரேய் ஷிகோ’ என்று அழைக்கப்பட்டவர். அவர் தலைமறைவுக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். 1969இல் சாவோ பெர்னார்டோ உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மாற்று நிர்வாகியாக லூலா தேர்ந்தெடுக்கப்பட்டார். 1975இல் அதன் தலைவரானார். அதே ஆண்டில் அண்ணன் கைது செய்யப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார். அதுவரை அரசியலில் பெரிதாக நாட்டமற்றிருந்த தம்பியின் போக்கை அந்நிகழ்ச்சி மாற்றிவிட்டது என்பதை லூலாவின் வாழ்க்கையை எழுதியோர் பலரும் குறிப்பிடுகின்றனர்.

இங்கே அந்தச் சங்கங்களின் சட்டக் கட்டமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டுரையின் மையமே அதில்தான் இருக்கிறது. வர்காஸ் ஆட்சியில் 1943இல் தொகுக்கப்பட்ட தொழிலாளர் சட்டம் முசோலினி கால இத்தாலியின் முன்மாதிரியைத் தழுவியது. ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம். அதை அங்கீகரிப்பது தொழிலாளர் அமைச்சகம். தேவையென்று தோன்றினால் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகத்தை நீக்கிவிட்டுத் தன் ஆளை அமர்த்தவும் அமைச்சகத்தால் முடியும். ஒவ்வொரு தொழிலாளியிடமிருந்தும், அவர் சங்க உறுப்பினரோ இல்லையோ, ஆண்டுக்கு ஒருநாள் ஊதியம் கட்டாயமாகப் பிடிக்கப்பட்டு அரசின் வழியே சங்கங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். வீடு வீடாகச் சென்று சந்தா திரட்ட வேண்டியதில்லை. ஆலை வாயிலில் நின்று உறுப்பினர் சேர்க்க வேண்டியதுமில்லை. பணம் தானே வந்து சேரும். ஆட்டுத்தோல் தைக்கப்பட்ட நூல் இந்த ‘சங்க வரி’தான். சந்தா ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஷிப்டு முடியும் நேரத்தில் ஆலை வாசலில் காத்து நின்ற நம் தோழர்களுக்கு, அந்த அலைச்சலின் அரசியல் மதிப்பை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூட்டுக்குள்ளிருந்துதான் புதிய தொழிற்சங்கவாதம் என்று அழைக்கப்பட்ட இயக்கம் பிறந்தது. 1973ஆம் ஆண்டின் விலைவாசி உயர்வு விகிதத்தை அரசு குறைத்துக் காட்டி மோசடி செய்தது 1977இல் அம்பலமாயிற்று. தொழிற்சங்கங்களின் பொறுப்பிலிருந்த ஆய்வு நிறுவனமான டியெசே, தொழிலாளர் இழந்த ஊதியம் 34.1 விழுக்காடு என்று கணக்கிட்டுக் கொடுத்தது. சாவோ பெர்னார்டோ சங்கம் அந்த எண்ணையே முழக்கமாக்கியது. 1978 மே 12 அன்று சாப்–ஸ்கானியா ஆலையில் காலை ஷிப்டுத் தொழிலாளர்கள் வழக்கம்போல் அட்டை குத்தி உள்ளே சென்றனர், இயந்திரங்களுக்கு முன் கைகட்டி நின்றனர். எந்த இயந்திரமும் ஓடவில்லை. வேலைநிறுத்தம் நடைமுறையில் தடை செய்யப்பட்டிருந்த நாட்டில், பத்தாண்டு மௌனத்துக்குப் பின் நிகழ்ந்த அந்நிகழ்ச்சி, சில வாரங்களில் மோட்டார் ஆலைகள் பலவற்றுக்கும் பரவியது.

அடுத்த ஆண்டு மார்ச்சில் பொது வேலைநிறுத்தம். சங்கக் கட்டடம் கொள்ளாத கூட்டம் என்பதால் வில்லா எவுக்ளிதெஸ் விளையாட்டு அரங்கில் பேரவை கூடியது. ஒலிபெருக்கி இல்லை, மேடையும் இல்லை. ஒரு மேசையின் மீது ஏறி நின்று லூலா பேசினார். அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்வரிசையினர் பின்னோக்கிச் சொல்ல, அவர்கள் தமக்குப் பின்னிருந்தோருக்குச் சொல்ல, பேச்சு அலையலையாக அரங்கின் விளிம்பு வரை சென்றது. பேச்சாளரின் சொல் தொழிலாளரின் வாய்வழியே அன்றிச் சென்று சேர இயலாத கூட்டம் அது. அரசு சங்கத்தில் தலையிட்டு நிர்வாகத்தை நீக்கியது. தொழிலாளர்களோ நீக்கப்பட்டவர்களையே தலைவர்களாக ஏற்றனர். 1980இல் நடந்த 41 நாள் போராட்டத்தின் நடுவே, ஏப்ரல் 19 அன்று, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் லூலா கைதானார். 31 நாள் காவலில் இருந்தார். அந்நாள்களில் தாய் மறைந்தார். காவலர் புடைசூழவே இறுதிச் சடங்குக்குச் செல்ல முடிந்தது.

அப்போராட்டம் கோரிக்கைகளைப் பொறுத்தவரை தோல்வியில்தான் முடிந்தது. ஆனால் அதே 1980 பிப்ரவரியில் தொழிலாளர் கட்சி தோன்றியிருந்தது. 1983இல் ‘கூட்’ என்று சுருக்கி அழைக்கப்படும் மத்தியத் தொழிற்சங்க அமைப்பு உருவாயிற்று. அன்றைய பிரேசில் கம்யூனிஸ்ட் கட்சி, சர்வாதிகாரத்துக்கு எதிரான பரந்த முன்னணி என்ற நிலைப்பாட்டில் நின்று, தனித் தொழிலாளர் கட்சி என்னும் முயற்சியை ஐயத்துடனே நோக்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். வரலாறு எப்போதும் நமது தீர்மானங்களின் வரிசைப்படி நடப்பதில்லை.

1989, 1994, 1998 என மூன்று தேர்தல்களில் தோற்று, 2002இல் 61 விழுக்காடு வாக்குகளுடன் லூலா வென்றார். அந்த வெற்றிக்கு நான்கு மாதங்களுக்கு முன், அவ்வாண்டு ஜூனில், ‘பிரேசில் மக்களுக்கு ஒரு கடிதம்’ வெளியாயிற்று. தலைப்புத்தான் மக்களுக்கு, உள்ளடக்கம் நிதிச் சந்தைக்கு. கடன் ஒப்பந்தங்கள் மதிக்கப்படும், வரவு-செலவு உபரி காக்கப்படும் என்று அது உறுதி கூறியது. துணை அதிபராக ஜவுளி ஆலை அதிபர் ஜோசே அலென்கார். மத்திய வங்கியின் தலைவராகப் பாஸ்டன் வங்கியின் முன்னாள் தலைவர் என்ரிக்கே மெய்ரெலெஸ். பதவியேற்ற சில வாரங்களில் அடிப்படை வட்டி விகிதம் 26.5 விழுக்காட்டுக்கு உயர்த்தப்பட்டது. முதலாண்டிலேயே அரசு ஊழியர் ஓய்வூதியத்தில் கைவைக்கும் சீர்திருத்தம் வந்தது. ஓய்வுபெற்றோரிடமிருந்தும் பங்களிப்பு பிடிக்க அது வழிசெய்தது. அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். எதிர்த்து நின்ற எலோயிசா எலேனா உள்ளிட்ட நான்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் 2003 டிசம்பரில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். முந்தைய வலதுசாரி அரசு முயன்று முழுமையாக முடிக்க இயலாததைத் தொழிலாளர் கட்சியின் அரசு செய்து முடித்தது. இதைச் சூழ்நிலையின் கட்டாயம் என்று மட்டும் சொல்லி நியாயப்படுத்த நான் ஆயத்தமாக இல்லை. 513 பேர் கொண்ட கீழவையில் கட்சிக்கு 91 இடங்களே இருந்தன என்பது உண்மை. ஆனால் தெருவில் இருந்த பலத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் அவைக்குள் இருந்த பலவீனத்தை மட்டும் கணக்கிட்டது ஓர் அரசியல் தேர்வு.

இனி மறுபக்கம். லூலா பதவியேற்றபோது மாதம் 200 ரெயாலாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 2010இல் 510 ரெயால் ஆயிற்று. விலைவாசி உயர்வைக் கழித்த பிறகும் அது கணிசமான உயர்வு. ஓய்வூதியம் பெறும் முதியோரில் பெரும்பகுதியினருக்கு அந்தத் தொகையே அளவுகோல் என்பதால் பலன் கிராமப்புறம் வரை சென்றது. இது அதிபரின் கருணையில் விளைந்ததன்று. மத்தியத் தொழிற்சங்கங்கள் 2004 முதல் ஆண்டுதோறும் தலைநகர் நோக்கி நடத்திய பேரணிகளின் பயனாகவே விலைவாசியோடும் பொருளாதார வளர்ச்சியோடும் ஊதியத்தை இணைக்கும் விதி கையெழுத்தானது. எட்டு ஆண்டுகளில் முறைசார் வேலைகள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி கூடின. குடும்ப உதவித் திட்டமான போல்சா பமிலியா 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை எட்டியது. 2014இல் ஐ.நா. உணவு-வேளாண் அமைப்பின் பசி வரைபடத்திலிருந்து பிரேசில் நீங்கியது. பசித்த வயிறு நிரம்பியதை ‘வெறும் சீர்திருத்தம்’ என்று ஒதுக்கும் உரிமை, மூன்று வேளை உண்ணும் விமர்சகர்களுக்கு இல்லை.

ஆயினும் நான் முன்னே எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது: சங்கம் என்ன ஆயிற்று?

இளமையில் லூலாவும் அவர் தோழர்களும் சங்க வரியை ஒழிக்க வேண்டும் என்று முழங்கியவர்கள். ‘கூட்’ அமைப்பின் பிறப்புக் கொள்கைகளுள் அதுவும் ஒன்று. 2008இல் லூலா அரசு இயற்றிய சட்டம் மத்திய அமைப்புகளுக்கு முதன்முறையாகச் சட்ட அங்கீகாரம் அளித்தது. அது நெடுங்காலக் கோரிக்கை, வரவேற்கத்தக்கது. அதே சட்டம் அந்த வரியிலிருந்து பத்து விழுக்காட்டை அவ்வமைப்புகளுக்கே பங்கிட்டும் கொடுத்தது. வரி ஒழியவில்லை, அதன் பங்குதாரர் பட்டியல் நீண்டது. அரசுக்குச் சங்கத்தில் தலையிடும் உரிமையை 1988 அரசமைப்புச் சட்டம் அகற்றியிருந்தது என்றாலும், ஒரு தொழிலுக்கு ஒரே சங்கம் என்ற விதியும் வரியும் அப்படியே இருந்தன.

இதோடு மற்றொன்றும் நடந்தது. வங்கி ஊழியர் சங்கத்தின் குஷிகெனும் பெர்சோய்னியும், உலோகத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராயிருந்த லூயிஸ் மரீன்யோவும் அமைச்சர்களாயினர். அரசுத் துறை நிறுவனங்களின் ஓய்வூதிய நிதிகளை நிர்வகிக்கும் குழுக்களில் சங்கத் தலைவர்கள் அமர்ந்தனர். கட்சியின் நிறுவனர்களுள் ஒருவராயிருந்து 2003இல் விலகிய சமூகவியலாளர் பிரான்சிஸ்கோ தெ ஒலிவெய்ரா அதே ஆண்டில் எழுதிய கட்டுரைக்கு ‘பிளாட்டிபஸ்’ என்று பெயரிட்டார். பாலூட்டியாயினும் முட்டையிடும் அந்த விலங்கைப் போல, தொழிலாளர் சேமிப்பை மூலதனச் சந்தையில் முதலீடு செய்யும் சங்கத் தலைவர் என்றொரு புதிய அடுக்கு தோன்றிவிட்டது என்பது அவர் வாதம். அவர் அதை ஒரு புதிய வர்க்கம் என்றே அழைத்தார். அந்த அளவுக்கு என்னால் செல்ல இயலவில்லை. உற்பத்திச் சாதனங்களின் உடைமை மாறாதபோது நிர்வாகக் குழுவில் ஓர் இருக்கை ஒருவரை வேறு வர்க்கமாக்கிவிடாது. ஆனால் அவர் சுட்டிக்காட்டிய நிகழ்வு மெய். ஊதியப் பேச்சுவார்த்தையில் மேசையின் இருபுறமும் பழைய தோழர்களே அமர்ந்திருந்தால், ஆலையில் கைகட்டி நிற்க அழைப்பு விடுப்பது யார்?

விடை 2016க்குப் பின் தெரிந்தது. தில்மா ரூசெஃப் நாடாளுமன்றச் சதியால் அகற்றப்பட்டு டெமர் பதவிக்கு வந்தார். 2017 ஏப்ரல் 28 அன்று நடந்த பொது வேலைநிறுத்தம் பெரியதுதான். எனினும் சில மாதங்களிலேயே புதிய தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. சட்டத்தைவிட ஒப்பந்தமே மேலானது என்றும், அவ்வப்போது அழைக்கும்போது மட்டும் வேலை என்றும் அது புகுத்திய ஏற்பாடுகள் நமக்குப் பழக்கமானவையே. கூடவே சங்க வரியை விருப்பத்துக்குரியதாக்கியது ஒரே ஒரு பிரிவு. சங்கங்களின் வருவாய் ஓராண்டுக்குள் பெருமளவு வற்றிப்போயிற்று. கட்டடங்கள் விற்கப்பட்டன, ஊழியர்கள் நீக்கப்பட்டனர். இடதுசாரிகள் செய்திருக்க வேண்டியதை, சங்கங்கள் மாற்று வருவாயும் உறுப்பினர் பலமும் பெறத் தக்க கால அவகாசத்தோடு செய்திருக்க வேண்டியதை, வலதுசாரிகள் சங்கங்களைக் கொல்லும் நோக்கோடு ஒரே வெட்டில் செய்தனர்.

லூலாவின் தனிப்பட்ட மனவுறுதியை நான் ஐயுறவில்லை. 2018 ஏப்ரலில் கைது ஆணை வந்தபோது அவர் சென்றமர்ந்த இடம் சாவோ பெர்னார்டோ சங்கக் கட்டடம். வெளியே போகவிடாமல் தொழிலாளர்கள் வாயிலை மறித்தனர். ஏப்ரல் 7 அன்று சரணடைந்து 580 நாள் சிறையிலிருந்தார். அவருக்குத் தண்டனை விதித்த நீதிபதி மோரோ, அத்தண்டனையால் பயனடைந்த பொல்சனாரோவின் நீதித்துறை அமைச்சரானார். தீர்ப்புகள் 2021இல் செல்லாதவையாக்கப்பட்டன. 2022இல் 50.9 விழுக்காடு வாக்குகளுடன் லூலா மீண்டும் வென்றார். பதவியேற்று ஒருவாரம் ஆனபோது, 2023 ஜனவரி 8 அன்று, பாசிச வெறிக் கூட்டம் தலைநகரின் மூன்று அதிகாரபீடங்களையும் சூறையாடியது. அந்த ஆபத்தைத் தடுத்து நிறுத்தக்கூடிய வேறொரு தலைவர் அன்று பிரேசிலில் இல்லை.

சங்கத்திலிருந்து அரசுத் தலைமைக்கு வந்தோர் வேறு சிலரையும் இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். போலந்தின் லெஹ் வலேசா, கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தின் மின்பணியாளர். தொழிலாளர் பெயரால் ஆண்ட அரசுக்கு எதிராகத் தொழிலாளர்களே திரண்டது ஏன் என்பது நம் இயக்கத்தை இன்றும் உறுத்த வேண்டிய கேள்வி. அதை வெறும் அந்நியச் சதி என்று கடந்துபோவது எளிது, பயனற்றது. ஆனால் அத்திரளின் தோளில் ஏறி 1990 டிசம்பரில் பதவிக்கு வந்தவர், ‘அதிர்ச்சி வைத்திய’ப் பொருளாதாரத்துக்குக் குடையானார். 1993இல் வேலையின்மை 16 விழுக்காட்டைத் தாண்டியது. அவரை உருவாக்கிய கப்பல் தளமே 1996இல் திவாலாயிற்று. 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருக்குக் கிடைத்த வாக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு.

ஜாம்பியாவின் பிரெடெரிக் சிலுபா இன்னும் கசப்பான உதாரணம். 1974 முதல் அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவர். 1981இல் கவுண்டாவின் அரசால் சிறையிடப்பட்டவர். 1991இல் நான்கில் மூன்று பங்கு வாக்குகளுடன் வென்றவர். 27 ஆண்டு ஆட்சிக்கு அமைதியாக முடிவு கட்டிய தேர்தல் என்று உலகமே பாராட்டியது. செப்புச் சுரங்கங்கள் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்கப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். கவுண்டா செய்ய முனைந்து தொழிற்சங்கம் தடுத்த அதே ‘சீரமைப்பை’ச் சிலுபாவால் செய்ய முடிந்தது ஏனெனில், தடுக்க வேண்டிய சங்கம் அவரைத் ‘தம் ஆள்’ என்று நம்பியிருந்தது. உலக வங்கி அவரை விரும்பியது அவர் முன்னாள் தொழிற்சங்கவாதி என்ற போதிலும் அன்று; முன்னாள் தொழிற்சங்கவாதி என்பதாலேயே.

இந்தியாவில் குடியரசுத் தலைவர் பதவி வேறு வகையானது. ஆட்சிப் பொறுப்பு அமைச்சரவையிடமே உள்ளது. எனினும் வி.வி. கிரியை மறக்கலாகாது. வங்காள-நாக்பூர் ரயில்வேத் தொழிலாளர் போராட்டங்களில் தலைமை ஏற்றவர், ஏஐடியுசியின் தலைவராக இருமுறை இருந்தவர். வங்கி ஊழியருக்கான தீர்ப்பை அரசு குறைத்ததை ஏற்காமல் 1954இல் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் பதவியைத் துறந்தவர். நீதிமன்றக் கட்டாயத் தீர்ப்பைவிட இருதரப்புக் கூட்டுபேரமே தொழிலுறவின் அடிப்படை என்ற அவர் நிலைப்பாடு ‘கிரி அணுகுமுறை’ என்றே பெயர் பெற்றது. 1969இல் இடதுசாரிகளின் வாக்கும் சேர்ந்தே அவரைக் குடியரசுத் தலைவராக்கியது. 1974 மே 8 தொடங்கி இருபது நாள், ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, பல்லாயிரக்கணக்கானோர் சிறையிடப்பட்டு, குடும்பங்கள் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் அந்தப் பழைய ரயில்வேத் தொழிலாளர் தலைவர்தான். அவர் மனம் என்ன பாடுபட்டது என்பதல்ல செய்தி. அவர் அமர்ந்திருந்த இருக்கைக்கு, அவரது கடந்தகாலம் ஒரு பொருட்டாக இல்லை.

நம் வீட்டுக் கதையையும் பேசிவிடுவோம். 1957இல் கேரளத்தில் பொறுப்பேற்ற இ.எம்.எஸ். அமைச்சரவை, தொழில் தகராறுகளில் முதலாளிகளுக்கு ஆதரவாகக் காவல்துறை தலையிடாது என்று அறிவித்தது. நாட்டின் தொழிலாளி வர்க்கம் அதுவரை கேட்டறியாத அறிவிப்பு அது. 1958 ஜூலையில் கொல்லத்துக்கு அருகே சந்தனத்தோப்பில், வேலைநிறுத்தம் செய்த முந்திரி ஆலைத் தொழிலாளர் மீது அதே அரசின் காவல்துறை சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். இவ்விரண்டும் ஒரே ஆட்சியின் வரலாறு. முன்னதை மட்டும் மேடையில் சொல்லிப் பின்னதை மௌனத்தில் விடும் பழக்கம் நமக்கு உதவாது. இடதுசாரிகள் ஆட்சி நடத்திய மாநிலங்களில், ‘நம் அரசுக்கு நெருக்கடி தரலாமா’ என்ற தயக்கத்தால் கோரிக்கைகளைச் சங்கங்கள் எத்தனை முறை தள்ளிவைத்தன என்பதை அங்குப் பணியாற்றிய மூத்த தோழர்கள் அறிவர். 14 நாள் முன்னறிவிப்பின்றி எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் கூடாது என்று புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு சொல்கின்ற இக்காலத்தில், அதை எதிர்க்கும் பொறுப்பைச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சங்கம் ஓய்ந்திருக்க முடியாது. அவர்கள் நம் தோழர்களாகவே இருந்தாலும் முடியாது.

பிரேசிலுக்குத் திரும்புவோம். லூலாவின் மூன்றாம் ஆட்சியில் குறைந்தபட்ச ஊதிய உயர்வு விதி மீட்கப்பட்டது. ஆண்-பெண் சம ஊதியச் சட்டம் 2023இல் வந்தது. தொழிலாளர் அமைச்சர் மீண்டும் அதே மரீன்யோ. ஆனால் 2017 சட்டத்தின் அடிப்படை நீக்கப்படவில்லை. கீழவையில் கட்சிக்கு இருப்பவை 70க்கும் குறைவான இடங்கள். துணை அதிபர், 2006இல் லூலாவை எதிர்த்துப் போட்டியிட்ட அல்க்மின். சாவோ பெர்னார்டோவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கிய போர்டு ஆலை 2019இல் மூடப்பட்டுவிட்டது. 1979இல் அரங்கை நிறைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இருசக்கர வாகனத்தில் உணவு சுமக்கின்றனர், அல்லது கடைகளில் நிற்கின்றனர். 2024 மே தினத்தன்று சாவோ பாவ்லோவில் மத்திய அமைப்புகள் நடத்திய கூட்டத்துக்கு அதிபரே வந்திருந்தும் திரண்டோர் மிகச் சிலர். முறையாக அழைப்பு விடுக்கப்படவில்லை என்று அவர் மேடையிலேயே குறைபட்டுக்கொண்டார்.

அதே ஆண்டின் இறுதியில் பிரேசில் முழுவதும் பற்றிப் பரவிய தொழிலாளர் கோரிக்கை ஒன்று உண்டு. ஆறு நாள் வேலை, ஒருநாள் ஓய்வு என்னும் முறையை ஒழிக்க வேண்டும் என்பது அது. அதைத் தொடங்கியது எந்த மத்திய அமைப்பும் அன்று. மருந்துக்கடையில் விற்பனையாளராயிருந்த ஓர் இளைஞர். பெரிய சங்கங்கள் பின்னரே வந்து சேர்ந்தன. 2025 மே தின உரையில் லூலாவும் அக்கோரிக்கை மீதான விவாதத்துக்கு ஆதரவு தெரிவித்தார். கடை ஊழியர்களோ அவர் பேசுவதற்கு முன்பே தெருவுக்கு வந்திருந்தனர்.